பொறந்த வூட்டுக்குப் போன கேமரா

போட்டோ எடுக்கத் தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் இல்லை. பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் நான் அப்படி ஓர் ஆபத்தாக இருந்தேன். (பாதி என்பதுகூட என் மேல் எனக்குள்ள பாசத்தால் சொல்வது. கால்வாசி இருந்தால் அதிகம்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சுரங்கத்தில் மெக்கானிக், பெர்மனன்ட். மண்ணை வெட்டும் பெரிய சக்கர மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வர எட்டுப் பேரைப் பத்து மாதம் அங்கே அனுப்புவதாக நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். எட்டாவது பெயர் கலியமூர்த்தி. நான்தான். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன். அதுவரை நான் பார்த்த ஒரே வெளிநாடு பாண்டிச்சேரி. (அதுவும் அந்நாளில் பாதி வெளிநாடுதான்.)

வீட்டில் அஞ்சலைக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நான் திரும்பும்போது குழந்தை எட்டு மாதக் குழந்தையாக இருக்கும். செய்தி கேட்டு அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கண்ணன் கொடுத்த பொட்டிய எடுத்துக்கினு போங்க. நீங்க எங்க படுக்கறீங்க, என்னா துண்றீங்க, எல்லாத்தையும் அதுல புடிச்சிக்கினு வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அஞ்சலையின் அண்ணன் தனவேல் பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் எடை போடுகிறவர். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட அவரால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, மாப்பிள்ளைக்குப் போட்டோ என்றால் உயிர் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, ரெண்டு வருஷம் டீக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்து ஒரு பாக்ஸ் கேமரா வாங்கிச் சபையில் வைத்தார். கறுப்பாக, சதுரமாக, முன்னால் ஒரு கண்ணாடிக் கண். ஒரே ஒரு பொத்தான். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், எட்டடி தள்ளி நிற்க வேண்டும், மூச்சை அடக்கிப் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தக் கேமரா வீட்டில் தூங்கினால் அஞ்சலையின் தலை தன் பொறந்த வீட்டில் எப்படி நிமிரும்? அதுதான் அவள் கேட்டதன் அர்த்தம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் செய்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால், ஜெர்மனி போகிறவன் கையில் ஒற்றைப் பொத்தான் பெட்டியா? அந்த ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா? பழைய புத்தகக் கடையில் எடுத்த போட்டோப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. இங்கிலீஷ். படங்கள் முழுசாகப் புரிந்தன, எழுத்து அங்கங்கே புரிந்தது. அதை வைத்து ஒரு லிஸ்ட் போட்டேன். நல்ல கேமரா. மரத்தாலான முக்காலி ஸ்டாண்டு. 'வெளிநாட்டுல வெளிச்சம் கம்மி' என்று ஷிஃப்டில் எல்லோரும் சொன்னதால் பிளாஷ் விளக்கு, அதற்கு மூணு டஜன் பல்பு. மஞ்சள் கண்ணாடி ஒன்று, எதற்கென்று தெரியாது, புத்தகத்தில் இருந்தது. பத்து ரோல் பிலிம். தலைமேல் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. (என் கேமராவுக்குக் கறுப்புத் துணி தேவையே இல்லை. ஆனால் போட்டோகிராபர் என்றால் துணி வேண்டாமா?)

நல்ல கேமராவுக்கு என் கண் போன இடம் எங்கள் ஃபோர்மேன் நாச்சிமுத்து அண்ணன் வீடு. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பிளாக்கிலேயே கடைசிக் குவார்ட்டர்ஸ். மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் கேமராவை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூடியைத் திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக வெளியே வரும். நுனியில் பித்தளை வளையத்துக்குள் கண்ணாடி. அதைப் பார்த்தால் எனக்கு நாக்கு உலரும்.

நாச்சிமுத்து அண்ணன் கொடுத்துவிடுவார். அவர் மனைவி கமலம் அக்காதான் கொடுக்க விடவில்லை.

"ஏங்கண்ணு, அதைய நாங்களே பொட்டிக்குள்ள வெச்சு வருசத்துக்கொருக்கா தொறந்து பாக்கறோம். நீ கடலு தாண்டிக் கொண்டுபோறேங்கற. ஒடைஞ்சு போனா?"

இந்த இடத்தில்தான் என் வாய் என்னைக் கெடுத்தது. பழமொழியும் பேச்சும் எனக்குப் பொழுதுபோக்கு. அன்றைக்கும் சும்மா ஒன்றை எடுத்துவிட்டேன்.

"அக்கா, இது பொறந்தது எங்க? ஜெர்மனில. கட்டிக்கினு வந்தது எங்க? நெய்வேலில. வந்து மூணு வருஷமாச்சு, ஒரு தடவையாவது பொறந்த வூட்டுக்கு அனுப்பியிருக்கீங்களா?"

நான் சிரிப்புக்குச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. முகம் அப்படியே இளகிவிட்டது. அவரே பொறந்த வீட்டுக்குப் போய் ரெண்டு வருஷமாகியிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"அதென்னமோ வாஸ்தவந்தான் சாமி," என்றார். "கூட்டிட்டுப் போ. ஆனா மொறையாத்தான் அனுப்பி வெப்பேன். மூளியா அனுப்ப மாட்டேன்."

சாமான்கள் சேர்ந்துவிட்டன. விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான். ஒரு கிராம் கூடக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெட்டியை எங்கே எடை போடுவது? நெய்வேலியில் டன் கணக்கில் எடை போட வசதி இருந்தது, கிலோ கணக்கில் இல்லை. நல்ல தராசு என்றால் அது பண்ருட்டி முந்திரி மண்டியில்தான். அதாவது என் மச்சான் தனவேல் கையில். எந்தக் கேமராவை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேனோ அதைக் கொடுத்தவரிடமே போய்ப் பெட்டியை எடை போடுவது புத்திசாலித்தனமா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தகர டிரங்குப் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

மண்டியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசில் தனவேல் என் பெட்டியை ஏற்றினார்.

"இருபத்தொம்போது, மாப்ள."

"மச்சான், நல்லாப் பாருங்க."

"தராசு பொய் சொன்னா எனக்குச் சோறு ஏது? தொறங்க, கொறைச்சிக்கலாம்."

திறந்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொட்டை உடைக்கிற சத்தம் மெல்லக் குறைந்தது. பிளாஷ் விளக்கின் வட்டத் தகட்டைப் பார்த்து ஒரு பெண், "இது என்னாக்கா, ரசம் ஊத்தற கரண்டியா?" என்றாள். இன்னொருத்தி முக்காலியைக் காட்டி, "அங்க உக்காரக்கூட எடம் தரமாட்டானாம். பாவம், கையோட எடுத்துக்கினு போவுது" என்றாள். நான் நிபுணனைப் போலப் புன்னகை செய்தேன்.

தனவேல் எல்லாவற்றையும் பார்த்தார். துருத்திக் கேமராவைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் குனிந்து இரண்டு மூலையிலும் துழாவினார்.

"நம்ம பொட்டி எங்க மாப்ள?"

"அது... அது கைப்பையில, மச்சான். ஒடையக்கூடாதுன்னு தனியா."

அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசும். "அப்டியா! சரி, கைப்பையையும் தட்டுல வையிங்க. ஏரோப்ளேன்காரன் அத மட்டும் வுட்ருவானா?" என்று சொல்லி, நான் பிடிப்பதற்குள் பையை வாங்கித் தட்டில் வைத்தார். தராசு முள் அசையக்கூட இல்லை. பையைத் திறந்து பார்த்தார். ஒரு சீப்பு. ஒரு துண்டு. பஸ்ஸில் தின்ன வாங்கிய கடலை மிட்டாய்.

மண்டியில் ஒரு கட்டைச் சத்தமும் இல்லை.

தனவேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மானத்தைக் காப்பாற்றியிருப்பேன். அவர் பக்கத்துக் குவியலிலிருந்து உடைத்த கொட்டை ஒன்றை எடுத்து, பருப்பைக் கீழே வைத்தார். ஓட்டை என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, சொன்னா கோச்சிக்கக்கூடாது. பருப்ப வுட்டுட்டு ஓட்ட மூட்ட கட்டிக்கினு போறீங்க."

அவ்வளவுதான். அதற்கப்புறம் உட்கார்ந்து ஒன்பது கிலோ குறைக்க எனக்கே உதவினார். "தகரப் பொட்டியே ஏழு கிலோ" என்று கண்டுபிடித்து, தன்னுடைய கித்தான் பையை உதறிக் கொடுத்தார். மிச்ச எடைக்கு எதை எடுப்பது என்று கேட்டார். முக்காலியா, கம்பளியா? அஞ்சலை வாங்கச் சொல்லி வாங்கிய கம்பளிச் சட்டைகள் இரண்டு இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. கம்பளி இறங்கியது, முக்காலி ஏறியது. இருபது கிலோ, சரியாக.

புறப்படுகிற நாள் காலையில் கமலம் அக்கா தாம்பாளத்தோடு வந்துவிட்டார். பிளாக்கே வேடிக்கை பார்த்தது. கேமராவை மணைப் பலகையில் வைத்து, துருத்தியை வெளியே இழுத்துவிடச் சொன்னார். மல்லிகைச் சரத்தை மேலே சுற்றினார். நெற்றி எங்கே என்று தேடி, நெற்றி இல்லாததால் கண்ணாடிக்கு நடுவிலேயே குங்குமம் வைத்தார். வழியில் கண்பட்டுவிடுமே! அதற்காக விளக்கெண்ணெயில் குழைத்த கண்மையை எடுத்துப் பித்தளை வளையத்தின் ஓரத்தில் அழுத்தமாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தார்.

"கண்ணுல மையா? அக்கா, அது..." என்று ஆரம்பித்தேன்.

"பொறந்த வூட்டுக்கு மை இல்லாம அனுப்பச் சொல்றியா?" என்றார். அது என் வசனம்.

அன்றைக்குத்தான் அஞ்சலையும் பிரசவத்துக்குப் பண்ருட்டி புறப்படுகிறாள். தனவேல் வண்டியோடு வாசலில் நின்றார். அவள் தோளில் பாக்ஸ் கேமரா தொங்கியது. மணைப் பலகையில் மல்லிகையோடு உட்கார்ந்திருந்த கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிக்கு ஒரு பொறந்த வூடு இருக்குது. சீர் வெச்சு அனுப்பறீங்க," என்றாள். "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் பஸ்ஸில் குங்குமத்தைத் துடைத்தேன். எச்சில் தொட்டு, துண்டு நுனியால். மை மட்டும் போகவில்லை. வளையத்தைத் திருகித் திருகித் தேய்த்தேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் மை மறைந்துவிட்டது. சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். மை மறைந்தது உண்மை. எங்கே போய் மறைந்தது என்றுதான் கேட்கவில்லை.

ஜெர்மனியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்தது. முக்காலியைப் போர்த்திக்கொள்ள முடியாது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். கறுப்புத் துணி மட்டும் உதவியது. அதைத் தலையில் கட்டிக்கொண்டு பத்து மாதம் திரிந்தேன். அந்த ஊர்க்காரர்கள் அதை எங்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

ஆனால் படம் எடுத்தேன் பாருங்கள்! படுத்த கட்டில், தின்ற ரொட்டி, மெஷின் பூட்டுகிற கொட்டகை, பாலம், ஆறு. அஞ்சலை கேட்டது எல்லாவற்றையும் எடுத்தேன். செய்த தப்புக்கு இப்படியாவது ஈடு கட்டலாம் என்று ஒரு கணக்கு. அங்கே பிலிம் கழுவக் கேட்ட கூலி எனக்குக் கட்டுப்படி ஆகவில்லை. எல்லா ரோலையும் பத்திரமாகச் சுருட்டி வைத்தேன். ரெண்டாம் மாதக் கடைசியில் தனவேல் எழுதிய கடிதம் வந்தது. 'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பெட்டியும் நலம்.' கடைசி வரி குத்தலா, செய்தியா என்று மறு கடிதம் வரும்வரை யோசித்தேன்.

திரும்பி வந்தேன். என் பெண் செல்வி, எட்டு மாதம், என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அந்த அழுகையில் நியாயம் இருந்தது. கடைசி ரோலில் ஒரு படம் மிச்சமிருந்தது. உச்சி வெயிலில் குவார்ட்டர்ஸ் வாசலில் அஞ்சலையையும் குழந்தையையும் நிற்கவைத்து அதையும் எடுத்தேன். ரோல்களைத் தனவேல் பண்ருட்டி ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கவரோடு வந்தார். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி.

பிளாக்கே எங்கள் முன்னறையில். நாச்சிமுத்து அண்ணன் நாற்காலியில், கமலம் அக்கா பாயில். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குண்டுக் கவரைப் பிரித்தேன்.

முதல் படம். வெள்ளையாக ஒரு புகை. புகைக்குள் ஒரு நிழல்.

"இது பாலம்," என்றேன். "அங்க பனி ஜாஸ்தி."

"அடேங்கப்பா," என்றார்கள்.

இரண்டாவது படம். புகை. "இது ஆறு. பனி."

மூன்றாவதும் பனி. நான்காவதும் பனி. ஆறாவது படத்தில் என் கட்டில். கட்டில் மேலும் பனி.

"ஏனுங், கூரைக்குள்ளாறவுமா பனி உளுகுது?" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"ஜன்னல் தொறந்திருந்துச்சுண்ணே," என்றேன். எனக்கே என் குரல் எங்கோ கேட்டது.

எல்லாம் முடிந்து கடைசிப் படம். அதை ஒளித்துவிட நினைத்தேன், கை கொஞ்சம் தாமதித்துவிட்டது. அஞ்சலை எடுத்துப் பார்த்தாள். உச்சி வெயிலில் எங்கள் வாசல். புகைக்குள் அவளும் குழந்தையும், ஆவிகள் மாதிரி. கதவில் எங்கள் குவார்ட்டர்ஸ் நம்பர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"என்னாங்க," என்றாள் மெதுவாக. "நெய்வேலிலயும் பனி பேஞ்சிருக்குது."

நாச்சிமுத்து அண்ணன் கேமராவை வாங்கினார். முன் வளையத்தைப் பூப்போலத் திருகிக் கழற்றினார். உள் கண்ணாடியில் விரல் வைத்து எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் பளபளவென்று விளக்கெண்ணெய் மை. வெளியே துடைத்ததையெல்லாம் நான்தான் திருகித் திருகி உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

கமலம் அக்கா விரலையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். தான் வைத்த மைதான் படத்தைக் கெடுத்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"பாவம். பொறந்த வூட்டைப் பார்த்ததும் அழுதிருக்குதுங்க. மையெல்லாங் கரைஞ்சு போச்சு."

முன்னறை வெடித்தது. தனவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது. பத்து மாதம் போய்விட்டது. அங்கே பார்த்ததும் பனி, இங்கே பார்க்காததும் பனி.

அப்போதுதான் அஞ்சலை ஒல்லிக் கவரை என் மடியில் வைத்தாள்.

எட்டுப் படங்கள். ஒற்றைப் பொத்தான் பெட்டியில், மண்டி வாசல் வெயிலில், எட்டடி தள்ளி நின்று மூச்சை அடக்கி அஞ்சலையே எடுத்தவை. குழந்தை கவிழ்ந்தது. முதல் பல். தலை நிற்காத நாளில் மாமன் தோளில் சாய்ந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. அவற்றில் ஒன்றை மட்டும் தனவேல் பெரிதாக்கியிருந்தார். என் பெட்டியை எடை போட்ட அதே தராசு, வாசலுக்குக் கொண்டுவந்து மாட்டியது. ஒரு தட்டில் செல்வி, துணி விரித்து, முஷ்டியை மடக்கிக்கொண்டு. மறு தட்டில் எடைக்கற்கள். ஓரத்தில் தராசைப் பிடித்திருக்கும் ஒரு கை. கல்லில் பொறித்த எழுத்தைக்கூடப் படிக்கலாம்.

ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு எழுந்து போய் என் கித்தான் பைக்குள் கைவிட்டேன். அன்று மண்டியில் நான் போட்டபடியே பத்து மாதமாக அதன் அடியில் கிடந்த முந்திரி ஓட்டை எடுத்து வந்து தனவேல் கையில் கொடுத்தேன். "மச்சான், உங்களுது" என்றேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யார் ஊருக்குப் புறப்பட்டாலும், "பருப்ப எடுத்து வெச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மங்கலாகத் தெரியும் எதற்கும் பெயர் ஜெர்மனி. டீ கிளாஸ் சரியாகக் கழுவாவிட்டால் ஜெர்மனி. மூக்குக் கண்ணாடி அழுக்கானால் ஜெர்மனி. போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னபோது, செல்வி போனில் முதலில் கேட்டது, "ஏம்மா, அப்பா கண்ணுக்குள்ளயே ஜெர்மனி வந்துடுச்சாமே?"

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அஞ்சலை சுவரிலிருந்த அந்தத் தராசுப் படத்தைக் கழற்றி வந்து என் முகத்துக்கு எதிரே பிடித்தாள்.

"கல்லுல என்னா போட்டிருக்குது, படிங்க."

"ரெண்டு கிலோ."

"பக்கத்துல?"

"அரை கிலோ."

"அந்த ஓரத்துல?"

தனவேல் போய் நாலு வருஷமாகிறது. "உங்கண்ணன் கை," என்றேன். "மோதிரம் இல்லாத கை."

அவள் படத்தை முந்தானையால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"சரி, கண்ணு மேல இருந்த ஓடு போயிடுச்சு," என்றாள்.